‘ரிக்வெஸ்ட்’ போட்டால் ‘ஃபார்’ போடணுமா?

கேள்வி: அண்ணே, பி.காம். முடித்துவிட்டுத் தங்கச்சிமடத்தில் ஒரு விசைப்படகு உரிமையாளர் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். இங்கிலீஷ் எழுத வேறு ஆள் இல்லாததால் மனுக்கள் எல்லாம் என் தலையில்தான். இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட படகுகளுக்காக எழுதிய மனுவில் ‘வீ ரிக்வெஸ்ட் ஃபார் தி ரிலீஸ் ஆஃப் அவர் போட்ஸ்’ என்று போட்டிருந்தேன். சென்னையில் படிக்கும் ஓர் உறுப்பினரின் மகன் அதைப் பார்த்துவிட்டு, ‘ஃபார் வரக்கூடாது, இதுகூடத் தெரியாதா’ என்று எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டான். தலைவரோ, ‘காலங்காலமா ஃபார் போட்டுத்தான் எழுதுறோம், எந்த ஆபீஸிலும் திருப்பி அனுப்பலையே’ என்கிறார். போனில் டைப் செய்தால் அந்த இடத்தில் கோடு விழுகிறது. யார் சொல்வது சரி? எந்த வினைக்குப் பின்னால் எந்தச் சொல் வரும் என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? முழு மனுவையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்: தங்கச்சி, பையன் சொன்னது சரி, சிரித்ததுதான் தப்பு. ‘ரிக்வெஸ்ட்’ வினைச்சொல்லாக வரும்போது அதற்குப் பின்னால் ‘ஃபார்’ வராது. ‘வீ ரிக்வெஸ்ட் தி ரிலீஸ் ஆஃப் அவர் போட்ஸ்’ என்று எழுதினால் போதும். தலைவர் சொன்னதும் பொய்யில்லை, அந்த ஒரு ‘ஃபார்’ இருக்கிறது என்பதற்காக எந்த அதிகாரியும் மனுவைத் திருப்பி அனுப்பப் போவதில்லை. ஆனால் உங்கள் மனுவைப் படித்தபோது எனக்கு உறுத்தியது அந்த ‘ஃபார்’ இல்லை. வேறு மூன்று இடங்கள் இருக்கின்றன. பையன் கண்ணில் அவை படவில்லை, போனும் அங்கே கோடு போட்டிருக்காது, ஏனென்றால் இலக்கணப்படி அந்த வாக்கியங்களில் பெரிய குறை கிடையாது, நடந்தது ஒன்று எழுதியது ஒன்று என்பதுதான் குறை. அதற்கு வருகிறேன். முதலில் சண்டைக்குக் காரணமான ‘ஃபார்’ விஷயத்தை முடித்துவிடுவோம்.

இங்கிலீஷில் ஒரே சொல் ஓரிடத்தில் பெயராக வரும், இன்னோரிடத்தில் வினையாக வரும். ‘ரிக்வெஸ்ட்’ அப்படிப்பட்டது. பெயராக வந்தால் வேண்டுகோள். எதற்கான வேண்டுகோள் என்று சொல்ல அதற்கு ‘ஃபார்’ தேவைப்படும், அதனால் ‘அவர் ரிக்வெஸ்ட் ஃபார் தி ரிலீஸ் ஆஃப் தி போட்ஸ்’ என்பது நூற்றுக்கு நூறு சரி. வினையாக வந்தால் கேட்கிற பொருளை அது நேராகவே பிடித்துக்கொள்ளும், ஏலக்கூடத்துத் தரகர் மாதிரி நடுவில் ஒருவர் வேண்டியதில்லை. நமக்கு ஏன் குழம்புகிறது என்றால் பள்ளிக்கூடத்து லீவ் லெட்டரிலிருந்தே இந்தச் சொல்லை ‘சப்ஜெக்ட்’ வரியில்தான் பார்த்து வளர்ந்திருக்கிறோம். ‘ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’, ‘ரிக்வெஸ்ட் ஃபார் டி.சி.’ என்று அங்கே அது எப்போதும் பெயர். கண்ணுக்குப் பழகிய ஜோடி, கீழே வாக்கியத்தில் வினையாக வரும்போதும் கூடவே வந்துவிடுகிறது.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இந்த வகைத் தப்புகளில் பெரும்பாலானவை தானாகவே போய்விடும். ‘டிமாண்ட் ஃபார் ஐஸ்’ என்று பெயராக எழுதலாம், ‘வீ டிமாண்ட் ஃபார் டீசல் சப்சிடி’ என்று வினையாக எழுதக்கூடாது, ‘வீ டிமாண்ட் டீசல் சப்சிடி’தான். ‘எ டிஸ்கஷன் அபௌட் தி பிராப்ளம்’ சரி, ‘வீ டிஸ்கஸ்ட் அபௌட் தி பிராப்ளம்’ தப்பு, ‘அபௌட்’டை எடுத்துவிட வேண்டும். ‘அட்டாக் ஆன் ஃபிஷர்மென்’ என்று தலைப்பு போடலாம், கீழே ‘தே அட்டாக்ட் தி ஃபிஷர்மென்’ என்று வரும்போது ‘ஆன்’ கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வருகிறதே, அது ‘பேன் ஆன் ஃபிஷிங்’. அதையே வினையாக்கினால் ‘தி கவர்ன்மென்ட் பேன்ஸ் ஃபிஷிங்’, ‘ஆன்’ போய்விடும். கடல் அட்டையை 2001இல் வனவிலங்குச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்து தடுத்ததைப் பற்றி எழுதினாலும் இதே கணக்குதான். ‘எம்ஃபசிஸ் ஆன்’, ‘இன்வெஸ்டிகேஷன் இன்டு’, ‘விசிட் டு’, ‘கான்டாக்ட் வித்’ எல்லாம் பெயர்கள். வினையானதும் ‘எம்ஃபசைஸ்’, ‘இன்வெஸ்டிகேட்’, ‘விசிட்’, ‘கான்டாக்ட்’ என்று ஒட்டு இல்லாமல் நிற்கும்.

இதையே சட்டமாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடாதீர்கள். ‘ரிப்ளை’ பெயராக வந்தாலும் வினையாக வந்தாலும் ‘டு’ கேட்கும், ‘தே டிட் நாட் ரிப்ளை டு அவர் லெட்டர்’. அதே அர்த்தமுள்ள ‘ஆன்சர்’ வினையாக வந்தால் கேட்காது, ‘தே டிட் நாட் ஆன்சர் அவர் லெட்டர்’. ஏன் இப்படி என்று கேட்டால் இங்கிலீஷ்காரரும் ‘அப்படித்தான்’ என்பார்.

இன்னொரு காரணம் தமிழ். நம் வேற்றுமை உருபுகளும் வினையைப் பார்த்துத்தான் வருகின்றன, அவனை அடித்தேன், அவனுக்குக் கொடுத்தேன், அவனிடம் சொன்னேன், அவனோடு பேசினேன். யாரும் நமக்கு இதைச் சொல்லித்தரவில்லை, ஆனாலும் ‘அவனைக் கொடுத்தேன்’ என்று எந்தக் குழந்தையும் வேண்டிய அர்த்தத்தில் சொல்லாது. இந்த உருபுகளை அப்படியே தூக்கிக்கொண்டு போய் இங்கிலீஷில் வைக்கும்போதுதான் வழுக்குகிறது. பிரச்சினையைப் ‘பற்றி’ப் பேசினோம் என்பதால் ‘டிஸ்கஸ் அபௌட்’. அதிகாரி‘யிடம்’ சொன்னோம் என்பதால் ‘டோல்ட் டு தி ஆஃபீசர்’. ராமேஸ்வரத்‘துக்கு’ வந்து சேர்ந்தோம் என்பதால் ‘ரீச்ட் டு ராமேஸ்வரம்’. மூன்றிலும் நடுவில் இருப்பது வேண்டாதது. நேர்மாறாக, ‘எக்ஸ்ப்ளெயின்’ வரும்போது வேண்டிய ‘டு’வை விட்டுவிடுகிறோம். ‘வீ எக்ஸ்ப்ளெயின்ட் தி கலெக்டர்’ என்று உங்கள் மனுவின் நாலாவது வரியில் இருக்கிறது, அது ‘எக்ஸ்ப்ளெயின்ட் டு தி கலெக்டர்’ என்று வர வேண்டும். தமிழிலும் இந்த உருபுகள் அவ்வளவு ஒழுங்காக ஒன்றும் நடந்துகொள்வதில்லை. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வேற்றுமையியல், வேற்றுமை மயங்கியல், விளிமரபு என்று இதற்கு மூன்று இயல் ஒதுக்கியிருக்கிறார், அதில் நடுவில் இருப்பது ஓர் உருபின் இடத்தில் இன்னொன்று வந்து கலப்பதைப் பற்றித்தான். சொந்த மொழியிலேயே இவ்வளவு மயக்கம் இருக்கும்போது கடன்வாங்கிய மொழியில் ஒரு ‘ஃபார்’ தப்பியதற்கு நாலு பேர் முன்னால் சிரிக்க வேண்டியதில்லை.

சரி, வழி கேட்டீர்கள். நான் கடிதமும் அறிக்கையும் திருத்திப் பிழைக்கிறவன், சந்தேகம் வந்தால் நான் செய்வது இதுதான்: வாக்கியத்தைச் செயப்பாட்டு வினையாகக் கவிழ்த்துப் பார்ப்பேன். ‘தி மேட்டர் வாஸ் டிஸ்கஸ்ட்’. பேப்பரில் தினமும் படிக்கிறோம், ‘வாஸ் டிஸ்கஸ்ட் அபௌட்’ என்று எங்கேயும் பார்த்ததில்லை, காதே ஒத்துக்கொள்ளாது. அப்போது நேர் வாக்கியத்திலும் ‘அபௌட்’ கிடையாது. ‘தி கம்ப்ளெயின்ட் இஸ் பீயிங் லுக்ட் இன்டு’ என்பதில் ‘இன்டு’வை எடுத்துப் பாருங்கள், வாக்கியம் நொண்டுகிறது. அப்போது நேர் வாக்கியத்திலும் ‘லுக் இன்டு’ என்றுதான் எழுத வேண்டும். இங்கிலீஷ் பேப்பரை ஓரளவு படித்துப் பழகிய காது இருந்தால் இது பெரும்பாலும் கைகொடுக்கும்.

காது கைவிட்டால் அகராதி. ஆனால் சும்மா பொருள் சொல்லும் அகராதி போதாது, வெளிநாட்டு மாணவர்களுக்கென்று போடுகிறார்களே, ‘லேர்னர்ஸ் டிக்‌ஷனரி’, அது வேண்டும். ஏ.எஸ். ஹார்ன்பி என்ற இங்கிலீஷ்காரர் ஜப்பானில் வாத்தியாராக இருந்தபோது இரண்டு பேரோடு சேர்ந்து இப்படி ஓர் அகராதியைத் தயாரித்தார், 1942இல் அங்கேயே வெளியானது, 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்துப் போட்டது. ஒவ்வொரு வினையும் வாக்கியத்தில் எப்படி நடந்துகொள்ளும், பின்னால் எதைக் கேட்கும் என்று சொல்வதுதான் அதன் சிறப்பு. ஜப்பான் மாணவர்களுக்கும் நமக்கும் தொல்லை ஒன்றுதான். இப்போது அந்த மாதிரி அகராதிகள் போனிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. பொருளைப் படித்துவிட்டு மூடிவிடாமல் கீழே இருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பாருங்கள், பதில் அங்கேதான் இருக்கும்.

அப்புறம் ஒன்று. ‘டிஸ்கஸ் அபௌட்’, ‘ரிக்வெஸ்ட் ஃபார்’ எல்லாம் ராமநாதபுரத்துத் தப்பு இல்லை, சிங்கப்பூரிலும் எழுதுகிறார்கள், நைஜீரியாவிலும் எழுதுகிறார்கள். வியன்னாவில் பார்பரா சைட்ல்ஹோஃபர் என்ற பேராசிரியர், பல தாய்மொழிக்காரர்கள் தங்களுக்குள் பொதுமொழியாக இங்கிலீஷ் பேசும்போது என்னென்ன நடக்கிறது என்று பதிவு செய்து ஆராய்ந்தார். தேவையில்லாத இடத்தில் இப்படி ஒரு ஒட்டைச் சேர்ப்பது அடிக்கடி வருகிறது, ஆனால் அதனால் யாருக்கும் யாரும் சொல்வது புரியாமல் போவதில்லை என்று 2004இல் எழுதினார். நான் அவர் கட்சிதான், பேச்சைப் பொறுத்தவரை. மனு என்று வரும்போது திருத்திவிடுவேன், நம் கோரிக்கையைப் படிக்க வேண்டிய ஆள் நம் ‘ஃபார்’ மேல் கண் வைத்துக்கொண்டு உட்கார வேண்டாமே என்பதற்காக மட்டும்.

இனி அந்த மூன்று இடங்கள். இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

மூன்றாவது பத்தியில் ‘தி நேவி சர்ச்ட் ஃபார் அவர் போட்ஸ் அண்ட் த்ரூ தி கேட்ச் இன்டு தி ஸீ’ என்று எழுதியிருக்கிறீர்கள். படகில் ஏறிச் சோதனை போட்டுப் பிடித்த மீனைக் கடலில் கொட்டினார்கள் என்பதுதான் நீங்கள் சொல்ல வந்தது. ‘சர்ச் ஃபார்’ என்றால் காணாததைத் தேடுவது. உங்கள் வாக்கியப்படி, கடற்படை உங்கள் படகு எங்கே எங்கே என்று தேடி அலைந்திருக்கிறது. சோதனை போடுவது ‘ஃபார்’ இல்லாத வெறும் ‘சர்ச்’. போலீஸ் ‘சர்ச்ட் தி ஹவுஸ்’ என்றால் வீட்டுக்குள் போய்ப் பீரோவைக் குடைந்தார்கள், ‘சர்ச்ட் ஃபார் தி ஹவுஸ்’ என்றால் விலாசம் தெரியாமல் தெருத் தெருவாகச் சுற்றினார்கள். இதை நீங்கள் கட்டாயம் மனதில் வைக்க வேண்டியதற்கு இன்னொரு காரணம், நம் கரையில் என்றைக்காவது ஒருநாள் யாராவது இதன் மறுபக்கத்தை எழுத வேண்டி வரும். கடலுக்குப் போன ஆள் திரும்பாதபோது கடலோரக் காவல்படைக்கு அவசர அவசரமாக எழுதுகிற கடிதத்தில் ‘ப்ளீஸ் சர்ச் தி மிஸ்ஸிங் ஃபிஷர்மென்’ என்று எழுதிவிடுவார்கள். காணாமல் போனவர்களின் சட்டைப் பையைச் சோதனை போடச் சொன்னதாக ஆகிவிடும். அங்கே ‘ஃபார்’ இருந்தே தீர வேண்டும். அதிகாரிக்குப் புரியாமல் போகாது, இருந்தாலும் அந்தக் கடிதத்தில் வேண்டாம்.

துப்பாக்கி விஷயமும் இதே ஜாதி. ‘ஷாட் தி ஃபிஷர்மென்’ என்றால் குண்டு பட்டுவிட்டது. ‘ஷாட் அட் தி ஃபிஷர்மென்’ என்றால் குறிபார்த்துச் சுட்டார்கள், பட்டதா இல்லையா என்று அந்த வாக்கியம் சொல்லாது. ‘ஃபயர்ட் அட்’ என்பதும் அப்படித்தான். உங்கள் மனுவில் இது இல்லை, இனிமேலும் எழுத வேண்டி வராமல் இருக்கட்டும். ஆனால் எழுதும்போது ஒரு சின்ன ‘அட்’ போனால் ஆள் மேல் குண்டு பட்டதாகப் பதிவாகிவிடும், பிறகு விசாரணையில் ‘யாருக்கும் காயம் இல்லையே’ என்று சொன்னால் மற்றதையும் நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது இடம் கொஞ்சம் சிரிப்பு. ‘தி போட்ஸ் வேர் சீஸ்ட் இன் தனுஷ்கோடி’. ‘இன்’ என்றால் தனுஷ்கோடிக்குள், அதாவது மண்ணில். 1964 புயலில் இடிந்த சர்ச்சுக்குப் பக்கத்தில், சுற்றுலா வந்தவர்கள் சங்கு மாலை பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது, இலங்கைக் கடற்படை வந்து இறங்கிப் படகைப் பிடித்துக்கொண்டு போனதாக அர்த்தம். டெல்லியில் யாராவது இதை எழுத்துக்கு எழுத்து நம்பினால் பெரிய விவகாரமாகிவிடும். ஊருக்கு நேரே கடலில் என்று சொல்ல இங்கிலீஷில் ‘ஆஃப்’ என்று ஒன்று உண்டு, எஃப் எழுத்து இரண்டு வருமே, அந்த ‘ஆஃப்’. ‘சீஸ்ட் ஆஃப் தனுஷ்கோடி’. கடலில் நடந்த எதற்கும் இதுதான். எத்தனை கடல்மைல் என்று தெரிந்தால் அதையும் முன்னால் சேர்த்துவிடுங்கள், இன்னும் நல்லது. ஜி.பி.எஸ். புள்ளி இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள்.

மூன்றாவதுதான் கனமானது. ‘அவர் மென் வேர் அரெஸ்டட் ஃபார் என்டரிங் இன்டு ஸ்ரீலங்கன் வாட்டர்ஸ்’. இதில் இரண்டு சங்கதி இருக்கிறது. சின்னது, ‘என்டர்’ ஓர் இடத்துக்குள் நுழைவதைச் சொல்லும்போது ‘இன்டு’ கேட்காது. ‘என்டர் இன்டு’ என்பது ஒப்பந்தம் செய்துகொள்வது, ‘என்டர்ட் இன்டு ஆன் அக்ரிமென்ட்’ என்று பத்திரத்தில் வருமே அது. பேப்பரில் ‘ஸ்ட்ரேட் இன்டு ஸ்ரீலங்கன் வாட்டர்ஸ்’ என்று அடிக்கடி படிக்கிறோம், ‘ஸ்ட்ரே’வுக்கு அந்த ‘இன்டு’ வேண்டும், அங்கிருந்துதான் இங்கே ஒட்டிக்கொண்டது. இது ‘டிஸ்கஸ் அபௌட்’ மாதிரி சாதுவான தப்பு.

பெரியது ‘அரெஸ்டட் ஃபார்’. இந்த ‘ஃபார்’ காரணத்தைச் சொல்கிறது. எல்லை தாண்டியதற்காகக் கைது செய்தார்கள் என்று எழுதினால், தாண்டினார்கள் என்பதை எழுதுகிறவரே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிறது. எழுதுகிறவர் யார்? உங்கள் சங்கம். கையெழுத்து யாருடையது? பிடிபட்டவர்களுக்காகப் பேசும் தலைவருடையது. அமெரிக்காவில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் நிருபர்களுக்கு வைத்திருக்கும் நடைக் கையேட்டிலேயே, விசாரணைக்கு முன்னால் ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிடும் என்பதால் ‘அரெஸ்டட் ஃபார்’ என்று எழுதாதே, ‘அரெஸ்டட் ஆன் எ சார்ஜ் ஆஃப்’ என்று எழுது என்று சொல்லியிருக்கிறார்கள். யார் பக்கமும் சேராத நிருபருக்கே அந்தக் கவனம் வேண்டும் என்றால், சொந்த ஆட்களுக்காக எழுதும் நமக்கு எவ்வளவு வேண்டும்! ஆகவே ‘அரெஸ்டட் ஆன் எ சார்ஜ் ஆஃப் கிராஸிங் தி பௌண்டரி’ என்று எழுதுங்கள். அல்லது ‘தே ஆர் அக்யூஸ்ட் ஆஃப் கிராஸிங்’. குற்றம் சாட்டுகிற வினைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஒட்டு கேட்கும், மாற்றிப் போடாதீர்கள், ‘அக்யூஸ்ட்’ என்றால் ‘ஆஃப்’, ‘சார்ஜ்ட்’ என்றால் ‘வித்’, ‘கன்விக்டட்’ என்றால் திரும்ப ‘ஆஃப்’.

அவர்கள் தாண்டினார்களா இல்லையா என்பது எனக்குத் தெரியாது, திருத்துகிறவனின் வேலையும் அது இல்லை. பாக் நீரிணையில் 1974 ஒப்பந்தமும் மன்னார் வளைகுடாவில் 1976 ஒப்பந்தமும் போட்ட கோடு தண்ணீரில் தெரியாது, இன்ஜின் நின்றுபோன படகை நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று உங்கள் உறுப்பினர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நடந்தது எதுவோ அதற்குரிய வினையைப் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன். இன்ஜின் பழுதாகி இழுத்துப் போயிருந்தால் ‘ட்ரிஃப்டட் அக்ராஸ் தி லைன்’, அதில் ஆளின் விருப்பம் கிடையாது. தெரியாமல் வழிதவறிப் போயிருந்தால் ‘ஸ்ட்ரேட் இன்டு’. தெரிந்தே போனது ‘கிராஸ்ட்’ அல்லது ‘என்டர்ட்’. நாலும் தமிழில் ‘எல்லைக்குள் போய்விட்டார்கள்’ என்று ஒரே வாக்கியமாகத்தான் உங்களிடம் வந்து சேரும், கரைக்கு வந்த யாரிடமாவது உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுதுங்கள். பொய்யாக ‘ட்ரிஃப்டட்’ போடவும் வேண்டாம், படகின் ஜி.பி.எஸ். அவர்கள் கையில் இருக்கிறது.

போன் இதில் ஒன்றுக்கும் கோடு போடாது என்றேனே, அதற்குக் காரணம் இதுதான். ‘சர்ச்ட் ஃபார் அவர் போட்ஸ்’ நல்ல இங்கிலீஷ், ‘சீஸ்ட் இன் தனுஷ்கோடி’ நல்ல இங்கிலீஷ். கடலில் என்ன நடந்தது என்று போனுக்குத் தெரியாது. அதோடு போனில் அமெரிக்க இங்கிலீஷ் வைத்திருந்தால் தேவையில்லாத இடத்திலும் கோடு விழும். அவர்கள் ‘ப்ரோட்டெஸ்ட் தி அரெஸ்ட்’, ‘அப்பீல் தி வெர்டிக்ட்’ என்று மொட்டையாக எழுதுவார்கள், நாம் பிரிட்டிஷ் வழக்கப்படி ‘ப்ரோட்டெஸ்ட் அகெய்ன்ஸ்ட்’, ‘அப்பீல் அகெய்ன்ஸ்ட்’ என்று எழுதுகிறோம். இரண்டும் சரி, ஒரே மனுவில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

இன்னும் இரண்டு சில்லறைத் திருத்தம். ‘காம்பன்சேட் அவர் லாஸ்’ என்று இருக்கிறது, ‘காம்பன்சேட் அஸ் ஃபார் அவர் லாஸ்’ என்று மாற்றுங்கள், ஈடு பெறுகிறவர் நேராக வருவார், எதற்கு ஈடு என்பது ‘ஃபார்’ போட்டு வரும். ‘தி அசோசியேஷன் கம்ப்ரைசஸ் ஆஃப்’ என்பதில் ‘ஆஃப்’ வேண்டாம், அந்த ‘ஆஃப்’ ‘கன்சிஸ்ட்’டுக்குச் சொந்தம்.

அப்புறம், இது ப்ரிபோசிஷனை விடப் பெரிய விஷயம்: மனுவைக் கலெக்டருக்கு எழுதிவிட்டு ‘வீ ரிக்வெஸ்ட் யூ டு ரிலீஸ் அவர் போட்ஸ்’ என்று முடித்திருக்கிறீர்கள். வாக்கியம் சரி, ‘ரிக்வெஸ்ட்’ ஆளை நேராகப் பிடித்து ‘டு’ போட்டு வினையோடு வருவது நம் நாட்டு ஆபீஸ் வழக்கம்தான். ஆனால் படகு கலெக்டர் கையிலா இருக்கிறது? அவர் செய்யக்கூடியது, விஷயத்தை மேலே கொண்டுபோவது. அதற்கு ‘டேக் அப்’ என்று ஒரு வினை இருக்கிறது, எதை என்பது நேராக வரும், யாரிடம் என்பதற்கு ‘வித்’ வரும். ‘வீ ரிக்வெஸ்ட் யூ டு டேக் அப் தி மேட்டர், த்ரூ தி ஸ்டேட் கவர்ன்மென்ட், வித் தி மினிஸ்ட்ரி ஆஃப் எக்ஸ்டர்னல் அஃபேர்ஸ்’ என்று எழுதினால், படிக்கிறவருக்குத் தான் அடுத்து எடுக்க வேண்டிய காகிதம் எது என்று அந்த வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். முடியாததைக் கேட்கிற மனுவை விட முடிந்ததைக் கேட்கிற மனு சீக்கிரம் நகரும், இது என் அனுபவம்.

எல்லாம் சேர்த்து அந்தப் பத்தியை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள், விவரங்களை நீங்கள் நிரப்பிக்கொள்ளலாம்: ‘அவர் போட்ஸ் வேர் சீஸ்ட் ஆஃப் தனுஷ்கோடி. தி நேவி சர்ச்ட் தி போட்ஸ் அண்ட் த்ரூ தி கேட்ச் இன்டு தி ஸீ. தி க்ரூ வேர் அரெஸ்டட் ஆன் எ சார்ஜ் ஆஃப் கிராஸிங் தி மேரிடைம் பௌண்டரி. வீ ரிக்வெஸ்ட் தி ரிலீஸ் ஆஃப் தி மென் அண்ட் தி போட்ஸ்.’ ஒரு சின்ன யோசனை, படகுக்கு முன்னால் ஆட்களை எழுதுங்கள். உங்கள் மனுவில் படகுதான் முதலில் வந்தது. உரிமையாளர் சங்கம், புரிகிறது, ஆனாலும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இந்த மனுவை இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் தமிழில்தான் எல்லாரும் கொடுக்கிறார்கள். டெல்லிக்கு அனுப்பினாலும் தமிழில் அனுப்பலாம். அரசியலமைப்புச் சட்டத்தின் 350ஆவது பிரிவு, குறை தீர்க்கக் கேட்டு மத்திய, மாநில அரசுகளின் எந்த அதிகாரிக்கும், நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் மனுக் கொடுக்க எவருக்கும் உரிமை தருகிறது. என்னைக் கேட்டால், நடந்ததைத் தமிழில் விவரமாக எழுதி அதையே மூல மனுவாக வைத்துக்கொள்ளுங்கள், கடலுக்குப் போய் வந்தவர்களுக்கு அதை வாசித்துக் காட்டிச் சரிபார்க்கலாம், இங்கிலீஷில் அது முடியாது. இங்கிலீஷ் ஒரு பக்கத்துக்குச் சுருக்கமாகப் பின்னால் இணைத்தால் போதும், டெல்லியில் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சமாகும்.

மனுவின் அடியில் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று இருக்கிறது. அந்த ‘டு’வுக்குப் பின்னால் ‘ஹியரிங்’ வர வேண்டும். ஆனால் அதைத் திருத்த வேண்டாம், எடுத்தே விடுங்கள். அது வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள் எழுதுவது. மனுவுக்கு ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ போதும், தலைவர் கையெழுத்து, சங்க முத்திரை, தேதி. போன மனுவில் தேதி போட மறந்திருக்கிறீர்கள்.